மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையைச் சிறு அளவில் தொடங்க முடியுமா?

கேள்வி: உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் மக்காச்சோளம் நிறைய விளைகிறது. சேலம் பக்கம் மரவள்ளிக்குச் சேகோ ஆலை இருப்பதுபோல, நாலைந்து பேர் சேர்ந்து சிறிய அளவில் மக்காச்சோள ஸ்டார்ச் ஆலை தொடங்க முடியுமா? அரைத்து, வடிகட்டி, காயவைத்தால் போதாதா?

பதில்: மக்காச்சோள ஸ்டார்ச் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அரைத்து வடிகட்டினால் போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரவள்ளியோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கிழங்கில் புரதமும் எண்ணெயும் பெயரளவுக்கே உண்டு என்பதால், தோல் சீவி, துருவி, தண்ணீர் விட்டுச் சலித்தால் பால் இறங்கிவிடும். பால் தெளிந்தால் அடியில் மாவு, சல்லடையில் திப்பி, அவ்வளவுதான் கணக்கு. மக்காச்சோள மணியின் உலர் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் ஸ்டார்ச் இருந்தாலும், அதன் ஒவ்வொரு துகளையும் கெட்டியான புரதம் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணியின் அடியில் உள்ள முளையில் எண்ணெய் வேறு இருக்கிறது. அதை அப்படியே அரைத்தால் கிடைப்பது மக்காச்சோள மாவே தவிர ஸ்டார்ச் அன்று. முளையில் உள்ள எண்ணெயால் அந்த மாவு விரைவில் சிக்கு வாடையும் அடிக்கும்.

ஆகவே ஆலையின் உயிர்நாடி அரைவை இயந்திரத்தில் இல்லை, ஊறல் தொட்டியில் இருக்கிறது. கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்க இரவே கோதுமையை ஊறப்போடுவோமே, அதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பச்சைத் தண்ணீர் உதவாது. சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 0.1 முதல் 0.2 சதவீதம் கந்தக டை ஆக்சைடு கரைந்த நீரில், மக்காச்சோள மணிகள் 30 முதல் 48 மணி நேரம் வரை ஊற வேண்டும். புரத இழைகளை ஒன்றோடொன்று தைத்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அந்த வாயு அறுக்க, அதே தொட்டியில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மணியை மேலும் இளக்குகின்றன. உலர்ந்த மணியில் 15 சதவீதம் இருந்த ஈரம் 45 சதவீதத்தை எட்டியபின், விரலால் அழுத்தினாலே முளை தனியே பிதுங்கி வர வேண்டும். தொட்டி தயாரா என்று நாங்கள் பார்த்ததே அப்படித்தான். ஆய்வக அறிக்கை பிறகுதான் வரும்.

வெப்பம் தவறினால் என்னவாகும் என்பதற்கு என் அனுபவமே சாட்சி. ஒரு நாள் இரவு கொதிகலன் பழுதாகி ஒரு தொட்டியின் சூடு 40 டிகிரிக்கு இறங்கிவிட, விடிவதற்குள் வேண்டாத கிருமிகள் புகுந்து, கெட்டுப்போன வெண்ணெய் போன்ற வாடை கிளம்பிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அந்த மணியை அரைவைக்கு விட்டது எங்கள் பிழை. ஸ்டார்ச்சில் 0.3 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டிய புரதம் அதைப்போல் இருமடங்கு வந்தது. அந்த ஸ்டார்ச்சில் காய்ச்சிய திரவ குளுக்கோஸ், புரதமும் சர்க்கரையும் சூட்டில் கலந்து வினைபுரிந்ததால் மஞ்சளித்துப்போய், மிட்டாய் செய்பவர் ஒரு டேங்கர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

ஊறியபின் நடப்பது பெரும்பாலும் எடை வேறுபாட்டை வைத்துப் பிரிப்பதுதான். மணியை முதலில் உடைக்க மட்டுமே செய்து, எண்ணெய் நிறைந்து இலேசாக இருக்கும் முளையை ஹைட்ரோசைக்ளோன் என்னும் கூம்புக் குழாயில் நீரோடு சுழற்றி ஒதுக்குவார்கள். பிறகு நைசாக அரைத்து, நாரைச் சலித்து, மிஞ்சிய பாலை மையவிலக்கியில் விட்டால் கனமான ஸ்டார்ச் ஒரு பக்கமும் குளுட்டன் எனப்படும் இலேசான மஞ்சள் புரதம் மறுபக்கமும் பிரியும். புதுத் தண்ணீர் ஸ்டார்ச்சைக் கழுவும் கடைசி இடத்தில் மட்டுமே நுழைந்து, அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி ஓடி, ஊறல் தொட்டிவரை வந்து சேரும். நம் வறண்ட பூமியில் இந்த ஏற்பாடு இல்லாமல் ஆலை ஓட்டுவதை நினைத்தே பார்க்க முடியாது.

சிறு ஆலை ஏன் தாங்காது என்பது இப்போது விளங்கும். உலர் எடையில் 100 கிலோ மக்காச்சோளத்துக்கு 65 கிலோ அளவில்தான் ஸ்டார்ச் கிடைக்கும். மீதியை விற்றால்தான் ஆலை பிழைக்கும். முளையைப் பிழிந்தால் சமையல் எண்ணெய். 60 சதவீதம் புரதம் கொண்ட குளுட்டன் கோழித் தீவனத்துக்குப் போகும், அதன் மஞ்சள் நிறம் முட்டைக் கருவிலும் தெரியும் என்பதால் நாமக்கல் பண்ணைகளுக்கு உகந்தது. நார் மாட்டுத் தீவனமாகும். ஊறவைத்த நீரையும் சுண்டக்காய்ச்சி விற்பார்கள். 1940-களில் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் பெனிசிலின் பூஞ்சையை இந்த நீரில் வளர்த்தபோதுதான் விளைச்சல் பல மடங்கு கூடியது என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி. இந்தப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உலர்த்தியும் ஆவியாக்கியும் தேவை. நாலைந்து பேர் போடும் முதலீட்டில் அவை அடங்கா. ஊறல் நீரைக் காய்ச்சாமல் ஓடையில் விட்டால் கிணறும் கெடும், ஆலையும் மூடப்படும்.

சந்தை இல்லையே என்று சொல்ல மாட்டேன். சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் இந்த ஸ்டார்ச் சேர்கிறது. பின்னலாடை நூலுக்குக் கஞ்சி வேண்டியதில்லை என்பதால் திருப்பூர் பனியன்காரர்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். காகிதம், அட்டைப்பெட்டிப் பசை, மாத்திரை, மிட்டாய் என்று தேவை பரந்தது, ஆனால் அங்கெல்லாம் விலையைத் தீர்மானிப்பவை பெரிய ஆலைகள்.

உங்கள் கையிலுள்ள முதலுக்கு ஏற்ற வேலை என்று எனக்குத் தோன்றுவது மக்காச்சோளத்தை உலர்த்தி, இருப்பு வைத்து விற்பதே. மார்கழி, தையில் அறுவடையாகும் மணி ஈரத்தோடு வருகிறது. களத்தில் காயும்போது மழை பிடித்தால் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் உண்டாகும். அந்த நஞ்சு ஸ்டார்ச்சில் பெரும்பாலும் தங்காமல் நாரிலும் குளுட்டனிலும் ஊறல் நீரிலும், அதாவது தீவனத்தில், போய்ச் சேர்வதால் ஆலை வாசலிலேயே லாரியைத் திருப்பிவிடுவார்கள். இயந்திர உலர்த்தி வைப்பதானால் மணியின் சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புரதம் இறுகி, எத்தனை நேரம் ஊறவைத்தாலும் ஸ்டார்ச்சை விடாது. சூடு ஏறாமல் 14 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய மணியைத்தான், நான் வேலை பார்த்த நாளில், வாசலில் நிற்கும் மற்ற லாரிகளை விட்டுவிட்டு முதலில் உள்ளே எடுக்கச் சொல்வோம்.