எஸ்.இ.ஓ. பயிற்சிக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக எஸ்.இ.ஓ. (கூகுள் போன்ற தேடுபொறிகளின் முடிவுகளில் இணையதளங்களை முன்னுக்குக் கொண்டுவரும்) பணியில் இருக்கிறேன். இத்துறையினருக்கென நடத்தப்படும் ஆன்லைன் பயிற்சித் தளம் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டினால் பெரிய தள்ளுபடி தருகிறார்கள். சேரலாமா? அவர்கள் தரும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அடிப்படைப் பாடங்களுக்காக என்றால் வேண்டாம். இணையதளம் நடத்துவோருக்கென கூகுள் வைத்திருக்கும் சர்ச் சென்ட்ரல் தளத்தில் உள்ள தொடக்கநிலைக் கையேடும், தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்கு அந்நிறுவனம் வழங்கும் விரிவான வழிகாட்டியும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக் கூடியவை. மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கும் செம்ரஷ், ஏஹெச்ரெஃப்ஸ், ஹப்ஸ்பாட் ஆகிய நிறுவனங்களும் கட்டணமில்லாப் பாடங்களைத் தருகின்றன. நீங்கள் சேர நினைக்கும் தளத்தின் பாடத்திட்டம் இவற்றைத் தாண்டி எதையும் சொல்லவில்லை என்றால், அதற்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

அடுத்து, பாடங்கள் எவ்வளவு புதியவை என்று பாருங்கள். இத்துறையில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. 2024 மார்ச் மாதத்தில், பக்கத்தின் வேகத்தையும் பயன்பாட்டு வசதியையும் கூகுள் மதிப்பிடும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவீடுகளில் எஃப்.ஐ.டி. நீக்கப்பட்டு ஐ.என்.பி. சேர்க்கப்பட்டது. பயனரின் முதல் சொடுக்குக்குப் பக்கம் எவ்வளவு தாமதமாகச் செவிசாய்க்கத் தொடங்குகிறது என்பதை மட்டுமே பழையது அளந்தது. புதியதோ, அவர் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் செய்யும் சொடுக்குகளையும் தட்டச்சையும் கணக்கில் கொள்கிறது. அதே மாதத்தில்தான் படிப்பவருக்கு உண்மையில் பயன்படும் பக்கங்களை அடையாளம் காணும் 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' முறை கூகுளின் மைய அல்காரிதத்துக்குள் இணைக்கப்பட்டது. எஃப்.ஐ.டி.யை இன்னும் நடப்பு அளவீடாகக் கற்பிக்கும் தளத்தின் மற்றப் பாடங்களும் தூசி படிந்தே இருக்கும். மாதிரிப் பாடம் ஒன்றைத் திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மூன்றாண்டு அனுபவம் உள்ள உங்களுக்குத் தேவை பாடமல்ல, உங்கள் வேலையைப் பார்த்துத் தவறு சொல்லும் ஆள். ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களை கூகுள் வந்து பார்த்தும் இண்டெக்ஸில், அதாவது தன் தேடல் பட்டியலில், சேர்க்கவில்லை என்று தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சட்டைக்கு நிறம், அளவு, விலை என்று வடிகட்டும்போதெல்லாம் தனித்தனி முகவரி உருவாவது காரணமாக இருக்கலாம். ஒரே மாதிரியான பக்கங்களில் எது முதன்மையானது என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிகல் குறி தவறான பக்கத்தைச் சுட்டலாம். பொருளைப் பற்றிய எழுத்தே போதாமலும் இருக்கலாம். எது உண்மைக் காரணம் என்பதைப் பதிவுசெய்த காணொளி சொல்லாது. அனுபவமுள்ள பயிற்சியாளர் நேரலையில் உங்கள் தளத்தையே திறந்து ஆராயும் வகுப்பு மாதம் ஒருமுறையேனும் உண்டென்றால், அந்தச் சந்தாவைத் தயங்காமல் கட்டுங்கள். சேருமுன், அத்தகைய வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், உங்கள் தளத்துக்கு முறை எப்போது வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழைப் பொறுத்தவரை, கூகுள் விளம்பரப் பிரிவுக்குச் சான்றளிக்கிறதே தவிர, எஸ்.இ.ஓ. வல்லுநர் என்று யாருக்கும் சான்றளிப்பதில்லை. 'கூகுள் அங்கீகாரம் பெற்ற எஸ்.இ.ஓ. பயிற்சி' என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம். முதலிடத்தை உறுதியளிப்பவரையும் அவ்வாறே. அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கையால் சரிசெய்த ஒரு தளத்தின் முன்பின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் வரைபடம், நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட அதிகம் பேசும்.

பணம் கட்டும் முறையிலும் கவனம் தேவை. தள்ளுபடியை விட்டுவிட்டு முதலில் மாதச் சந்தாவில் சேருங்கள். வெளிநாட்டுத் தளம் என்றால் டாலர் மாற்றத்துக்கு வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் தந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள், தொடர விருப்பமில்லையென்றால் அதிலேயே ரத்து செய்யும் வழி இருக்கும். உங்கள் நிறுவனமே கட்டணத்தை ஏற்குமா என்றும் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கற்பது அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கே முதலில் பயன்படப் போகிறது.