வாசகர் கேள்வி – பதில்: ஆயில் மாற்றுவது மீட்டரைப் பார்த்தா, நாட்காட்டியைப் பார்த்தா?

கேள்வி: எங்களிடம் வாடகைக்கு ஓடும் டிராக்டர்கள் இரண்டு உள்ளன. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பருவ நேரத்தில், எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது கெடு தாண்டி 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. முன்கூட்டியே நாள் குறிக்க வழி உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் குறிக்காமல், அதைப் பார்த்த தேதியையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். இப்படி இரண்டு பதிவுகள் கையில் இருந்தாலே, வண்டி ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். கடைசியாக 1,760-இல் ஆயில் மாற்றியதாக வைத்துக்கொள்வோம். அடுத்த கெடு 2,010. இன்று மீட்டர் 1,842 காட்டினால் மீதம் 168 மணி நேரம். சேற்றுழவு மும்முரத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடும் வண்டிக்கு இது 21 நாள். அறுவடைக்குப் பின் அவ்வப்போது மண் அடிக்க மட்டும் போய், நாளுக்கு 2 மணி நேரம் ஓடும் வண்டிக்கு இதுவே 84 நாள். இந்த நாளை நாட்காட்டியில் எழுதி வைத்து, அடுத்தடுத்த பதிவின்போது திருத்திக்கொண்டே வர வேண்டும்.

இதில் பலரும் ஆண்டு முழுவதற்குமான சராசரியை எடுத்துக் கணக்கிடுகிறார்கள். டெல்டாவில் டிராக்டரின் வேலை சீராக வருவதில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் கொட்டும், நடுவில் ஓயும். எனவே ஆண்டுச் சராசரி உங்களுக்கு உதவாது. கடந்த பத்துப் பதினைந்து நாள்களின் வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பார்க்க நேரமில்லை என்கிறீர்கள்; ஆனால் டீசல் போடாமல் வண்டி ஓடாது. டீசல் போடும்போதெல்லாம் லிட்டரையும் மீட்டர் எண்ணையும் ஓட்டுநர் ஒரே வரியில் எழுத வேண்டும் என்று வைத்துவிட்டால் போதும். மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதும் அதே நோட்டிலிருந்து கிடைக்கும். அதே வேலைக்கு அந்த அளவு திடீரென ஏறினால் வண்டியைப் பார்க்கச் சொல்லும் முதல் அறிகுறி அதுதான்.

உழவு தொடங்கும் நேரத்தில் மீதம் 50 மணி நேரம்தான் இருக்கிறது என்றால், காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. 50 மணி நேர ஆயில் வீணாகிறதே என்று தோன்றலாம்; நடவுக்கு ஆள் நிற்கும் நாளில் வண்டியை நிறுத்துவதால் ஆகும் இழப்பு அதைவிடப் பெரியது. அடுத்த கெடுவை, மாற்றிய எண்ணிலிருந்துதான் எண்ண வேண்டும். தாமதமாக மாற்றினாலும் இதே முறைதான். 500, 1,000 மணி நேரப் பெரிய சர்வீஸ் அருகில் வந்தால், சில்லறை வேலைகளையும் அதோடு சேர்த்து முடித்து, எல்லாக் கணக்கையும் அந்த எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். கிரீஸ் அடிப்பது மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. சேற்றில் இறங்கும் வண்டிக்கு அதை மணிக்கணக்குப் பார்க்காமல் அன்றாடம் செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில், ஒரே நேரம் ஓடிய இரண்டு டிராக்டர்களில் புதியது 8 மணி நேரமும் பழையது 6 மணி நேரமும் காட்டுகின்றன. எது சரி?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். பழைய வண்டிகளில் உள்ள ஹவர் மீட்டர், எஞ்சினிலிருந்து வரும் கேபிளால் சுழல்வது. அது கடிகார நேரத்தை அளப்பதில்லை. எஞ்சினின் சுற்றுகளை எண்ணுகிறது. உதாரணமாக, 1,500 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1 மணி என்று காட்டும்படி அமைத்த மீட்டர், வண்டி 750 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரம்தான் ஏறும். மின்னணு மீட்டர்கள் பெரும்பாலும் எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணுகின்றன. வெளியில் வாங்கிப் பொருத்தும் எளிய மீட்டர்களில் சில, எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தாலும் ஏறும். அந்தந்த வண்டியின் கையேட்டுக் கெடு அதில் கம்பெனி பொருத்திய மீட்டரை வைத்தே சொல்லப்படுவதால், சர்வீஸுக்கு நீங்கள் எதையும் மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. மணிக்கணக்கில் வாடகை வாங்குபவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் ஓராண்டில் 30 மணி நேரம்கூட ஓடவில்லை. 250 மணி நேரம் ஆகும்வரை ஆயில் மாற்றத் தேவையில்லை என்று சங்கத்தில் சிலர் வாதிடுகிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கையேட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கோடு ஒரு காலக் கெடுவும் அதில் இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து அது ஆறு மாதமாகவோ ஓராண்டாகவோ இருக்கலாம். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் எஞ்சினில் ஆயில் கெடாது என்பது தவறான எண்ணம். ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. அதனால் உள்ளே படியும் ஈரமும், எரியாமல் கசியும் டீசலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கி அமிலத் தன்மையை உண்டாக்குகின்றன. கூலண்ட், ரப்பர் ஹோஸ், பெல்ட் ஆகியவை ஓடாவிட்டாலும் முதுமை அடைபவை. மின்சாரம் போன நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. அதன் ஆயுளை எந்த ஹவர் மீட்டரும் சொல்லாது.

சோதனை ஓட்டத்தையும் சுமையோடு செய்ய வேண்டும். அவசரகால ஜெனரேட்டர்களுக்கான அமெரிக்கத் தர விதி என்.எஃப்.பி.ஏ. 110, டீசல் எஞ்சினை மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத சுமையில் ஓட்டச் சொல்கிறது. இங்கே அது கட்டாயமில்லை என்றாலும் பின்பற்றத் தகுந்த அளவு. சுமையே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத டீசல் புகைக்குழாயில் கருப்பாகப் படியும்.

கேள்வி: போர்வெல் ரிக் வைத்திருக்கிறேன். லாரியில் கிலோமீட்டர், கம்ப்ரஸர் எஞ்சினில் ஹவர் மீட்டர், துளைக்கோ அடிக்கணக்கு (எத்தனை அடி ஆழம் என்பது). சர்வீஸ் அட்டவணையை எதை வைத்துப் போடுவது?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: மூன்றையும் வைத்துத்தான். எந்தப் பாகம் எதனால் தேய்கிறதோ அதை அளக்கும் கணக்கே அந்தப் பாகத்துக்கு உரியது. டயர், பிரேக், கியர் பாக்ஸ் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டர். கம்ப்ரஸர் எஞ்சினுக்கும் அதன் ஸ்குரூ பகுதியின் ஆயிலுக்கும் மணிக்கணக்கு. பாறையைத் துளைக்கும் பிட், ஹேமர் ஆகியவற்றுக்கு அடிக்கணக்கு. அடிக்கணக்கிலும் பாறையின் கடினத்தைக் குறித்து வைக்காவிட்டால் பாதிப் பயன்தான். நின்ற இடத்தில் லாரி எஞ்சினை ஓட்டி ஹைட்ராலிக் பம்ப்பை இயக்குபவராக இருந்தால், கிலோமீட்டரை நம்பவே கூடாது. வண்டி நகராமலே எஞ்சின் நாள் முழுக்க உழைத்திருக்கும். அந்த எஞ்சினுக்கும் ஒரு ஹவர் மீட்டர் பொருத்திக்கொள்ளுங்கள்.

எதை எண்ணுவது என்ற கேள்வியின் கனத்தைக் காட்ட விமானத் துறையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தில், நடுவானில் முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று; பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி நேரம். ஆனால் தீவுக்குத் தீவு குறுகிய பயணங்கள் என்பதால், அது ஏறி இறங்கிய எண்ணிக்கை 89,680. ஒவ்வொரு முறை ஏறும்போதும் காற்றழுத்தம் உடலை உப்பவைத்து இறங்கும்போது தளர்த்த, உலோகம் களைத்துப்போனது; கடற்காற்றின் அரிப்பும் சேர்ந்துகொண்டது. அந்தக் களைப்பைப் பறந்த மணி நேரத்தால் அளக்க முடியாது.

உங்கள் தொழிலில் காற்று ஃபில்டருக்கு மட்டும் மூன்று கணக்கும் பொருந்தாது. புழுதி இடத்துக்கு இடம் மாறுவதால், அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வரும்போதுதான் அதைக் கழற்ற வேண்டும். தினமும் கழற்றித் தட்டினால் தாளும் விளிம்பு ரப்பரும் சேதமடைந்து, புழுதி எஞ்சினுக்குள் போகும்.

கேள்வி: பழுதான ஹவர் மீட்டரை மாற்றியதால் இப்போது பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. பழைய அட்டவணை என்ன ஆகும்?
– வாசகர், திண்டிவனம்

பதில்: மாற்றிய தேதியையும் பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இனி வரும் ஒவ்வோர் எண்ணோடும் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பழையது 3,420-இல் நின்று, புதியது இன்று 85 காட்டினால் வண்டியின் வயது 3,505. மீட்டர் ஓடாமல் கிடந்த நாள்களுக்கு, அப்போது போட்ட டீசலை உங்கள் வண்டியின் வழக்கமான மணிக்கணக்குச் செலவால் வகுத்து, கிடைக்கும் மணி நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது இந்தப் பக்கத்தை வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதே நியாயம்.