நினைவு தெளிவாக இருக்கும்போதே இரத்தத்தைச் சோதிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, உப்புவெளியில் வசிக்கிறேன். அம்மா மறதிநோயால் பல வருடம் அவதிப்பட்டுக் காலமானார். எனக்கு ஞாபகக் குறைவு எதுவும் இல்லை. சலரோகத்துக்கு மட்டும் மெற்போர்மின் எடுக்கிறேன். இந்நோய் வருமா என்பதை இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வைத்துச் சொல்லலாமாம் என்கிறாள் கனடாவில் இருக்கும் மகள். செய்து பார்க்கட்டுமா, டொக்டர்?

பதில்: அம்மாவை அருகிலிருந்து பராமரித்தவருக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனாலும் இப்போது அந்தச் சோதனை வேண்டாம் என்பதே என் கருத்து.

மகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அல்சைமர் என்ற மறதிநோயில் மறதி வெளித்தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. அந்த அமைதியான காலத்திலேயே பி-டௌ 217 என்ற புரதத்தின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். இவ்விரண்டையும் ஒப்பிடும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி வழங்கியது. ஆனால் அந்த அனுமதி, ஞாபகக் குறைவின் அறிகுறிகளோடு நிபுணரிடம் வருபவர்களுக்கு மட்டுமே.

மூளையில் அமிலாய்டு படிந்திருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் பலர். அத்துடன், சிறுநீரகம் பழுதடைந்தாலும் பி-டௌ அளவு கூடும் என்பதால், சலரோகம் உள்ள உங்களுக்கு அந்த எண் எதனால் உயர்ந்தது என்று பிரித்தறிவது எளிதல்ல. உயர்ந்திருந்தாலும், அமிலாய்டை அகற்றும் இன்றைய மருந்துகள் அறிகுறி தொடங்கியவர்களுக்கே அங்கீகரிக்கப்பட்டுள்ளன. உங்களுக்கு மிஞ்சுவது தூக்கமில்லாத இரவுகள்தான்.

அடுத்த கிளினிக்கில் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், கொலஸ்ட்ரோல், பிரஷர் ஆகியவற்றோடு விற்றமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெற்போர்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அந்தக் குறைபாடே மறதியை உண்டாக்கலாம், அதைச் சரிசெய்யவும் முடியும். காது மந்தமாகியிருந்தால் கேட்கும் கருவி போடத் தயங்காதீர்கள். சலரோகம், உயர் இரத்த அழுத்தம், காது மந்தம், புகைத்தல் உட்பட மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மதிப்பிட்டது.

திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நேர்வது. வழக்கமாகப் போய்வரும் கிண்ணியா வழி குழம்பினாலோ, சந்தையில் மிச்சக்காசை எண்ண முடியாமல் திணறினாலோ தாமதிக்காமல் வாருங்கள். வரும்போது, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.