வெளிநாட்டில் முதுகலை முடித்தால் அங்கேயே வேலை பார்க்க அனுமதி தானாகக் கிடைத்துவிடுமா? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? இடையில் ஊருக்குப் போய் வரலாமா?

தானாக எதுவும் கிடைக்காது. மாணவர் விசா வேறு, படிப்பு முடிந்தபின் வாங்கும் ஒர்க் பெர்மிட் வேறு. இரண்டாவதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கெடு. நான் கனடாவில் முதுகலை முடித்து அந்த பெர்மிட்டில் வேலை பார்த்தவன். நண்பர்கள் சிலர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படித்தார்கள். அதனால் கனடாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவும் மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் கெடு விஷயம். நிறையப் பேர் பட்டமளிப்பு விழா நாளை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுக்கும் அந்த நாளுக்கும் பெர்மிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கனடாவில், நீங்கள் படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று கல்வி நிறுவனம் எழுத்து மூலமாக உறுதி செய்யும் நாள்தான் தொடக்கம். அது கடிதமாகவும் இருக்கலாம், கடைசி டிரான்ஸ்கிரிப்டாகவும், அதாவது மதிப்பெண் பட்டியலாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 180 நாட்களில் ஒரு நாளாவது உங்கள் ஸ்டடி பெர்மிட், அதாவது கனடாவில் படிப்பதற்கான அனுமதி, உயிரோடு இருந்திருக்கவும் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டடி பெர்மிட்டில் அடுத்த வருடத் தேதி அச்சாகியிருந்தாலும், படிப்பு முடிந்து 90 நாட்கள் ஆனதும் அது காலாவதியாகிவிடும். ஆக 180 நாள் என்பது காகிதத்தில்தான். கனடாவிலேயே தங்கி வேலையைத் தொடர நினைப்பவருக்கு உண்மையான கெடு அதைவிடக் குறைவு. இன்னொன்று: படிப்பு முடிந்ததாக உறுதி வந்த நாளோடு, மாணவராகக் கல்லூரிக்கு வெளியில் பார்த்துக்கொண்டிருந்த பகுதி நேர வேலையை நிறுத்தியாக வேண்டும். ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாக இருக்கும்போதே புது பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் முன்பே முழு நேரமாக வேலை பார்க்கலாம். மாணவராக இருந்தபோது வேலை பார்க்கும் தகுதி இருந்திருக்க வேண்டும், மணிநேர வரம்பை மீறியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எனவே கடிதம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.

அந்தக் கடிதத்தின் வாசகத்தையும் பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பொதுவாக 'ஒரு லெட்டர் வேண்டும்' என்று கேட்டால், 'இன்னார் இங்கே பயில்கிறார்' என்று ஒன்றை நீட்டுவார்கள். சில சமயம் 'இன்ன மாதம் முடிப்பார் என எதிர்பார்க்கிறோம்' என்று வரும். இரண்டுமே உதவாது. பட்டத்துக்குரிய தேவைகள் அனைத்தையும் இன்ன தேதியில் பூர்த்தி செய்துவிட்டார் என்று இறந்த காலத்தில் இருக்க வேண்டும். என்னுடன் படித்த ஒருவர் 'எதிர்பார்க்கிறோம்' கடிதத்தை அப்படியே ஏற்றப் போனார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தார்.

சரி, எத்தனை வருடம் கிடைக்கும்? எட்டு மாதத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் என்றால் படிப்பு எவ்வளவு காலமோ பெர்மிட்டும் அவ்வளவு காலம். இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் மூன்று வருடம். முதுகலைக்கு மட்டும் 2024 பிப்ரவரியிலிருந்து சலுகை: எட்டு மாதப் படிப்பாக இருந்தாலும் மூன்று வருடம் கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறதோ அதைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். ஒன்றரை வருடம்தான் பாஸ்போர்ட்டில் பாக்கி என்றால் ஒன்றரை வருட பெர்மிட்தான் வரும். அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து மிச்சத்துக்கு இன்னொரு முறை விண்ணப்பிக்க வேண்டும். கடைசி செமஸ்டரிலேயே பாஸ்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் இந்த அலைச்சல் மிச்சம். வாழ்நாளில் ஒரு முறைதான் இந்த பெர்மிட் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முதலில் ஒரு சின்ன டிப்ளமாவுக்காக அதை வாங்கிவிட்டால், பிறகு முதுகலை படித்தாலும் இரண்டாவது கிடையாது.

2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வும் கட்டாயம். பல்கலைக்கழகப் பட்டம் என்றால் கனடிய மொழி அளவுகோலில் 7, கல்லூரிப் படிப்புகள் என்றால் பெரும்பாலும் 5. ஆங்கிலமோ பிரெஞ்சோ எதுவானாலும் சரி. படிக்க வரும்போது எழுதிய ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அதற்குள் காலாவதியாகியிருக்கலாம், ஏனென்றால் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். முதுகலைக்கு எந்தத் துறை என்ற கட்டுப்பாடு இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, கல்லூரியில் டிப்ளமா படிப்பவர்களுக்குத்தான் துறைப் பட்டியல் பொருந்தும். அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாங்கி நடத்தும் கூட்டுப் படிப்புகளில் 2024 மே 15 அல்லது அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இந்த பெர்மிட்டே இல்லை. கன்சல்டன்ட் இதை உங்களிடம் சொல்வார் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே, அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் தகுதி உள்ளவையா என்று குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள். படித்து முடித்தபின் இதைத் திருத்தவே முடியாது.

அமெரிக்காவில் இதற்கு ஓபிடி என்று பெயர். பொதுவாக 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகள் என்றால், அதாவது ஸ்டெம் என்றால், மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்வரை விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி (டிஎஸ்ஓ) பரிந்துரையைப் பதிவு செய்த 30 நாட்களுக்குள் விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும். கனடா போல விண்ணப்பித்ததுமே வேலையில் இறங்க முடியாது. வேலை அனுமதிக் கார்டு கைக்கு வந்து, அதில் அச்சாகியிருக்கும் தொடக்கத் தேதியும் வந்த பிறகுதான். தொடக்க நாளை நீங்களே கேட்டுக்கொள்ளலாம், அது படிப்பு முடிந்து 60 நாட்களுக்குள் இருக்க வேண்டும். வேலை உறுதியாகாதவர் இந்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த நாளிலிருந்து மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. படிக்கும்போதே முழு நேர சிபிடியில், அதாவது பாடத்திட்டத்தின் பகுதியாக அனுமதிக்கப்படும் வேலையில், 12 மாதம் வேலை பார்த்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடி போய்விடும் என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

பிரிட்டனில் படிப்பு முடித்தவர்களுக்கான விசாவுக்கு கிராஜுவேட் ரூட் என்று பெயர், அது 2021 ஜூலையில் தொடங்கியது. இப்போது இரண்டு வருடம், முனைவர் பட்டத்துக்கு மூன்று. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம் 18 மாதமாகக் குறைகிறது, முனைவர்களுக்கு மாற்றமில்லை. வேலையோ ஸ்பான்சரோ முன்கூட்டியே வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் படிப்பை முடித்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பின்புதான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் மாணவர் விசா முடிவதற்குள். பல்கலைக்கழகம் தாமதித்தால் மின்னஞ்சல் போட்டு நச்சரிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஜெர்மனியில் படிப்பு முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலோருக்கு இத்தகைய விசாவுக்கு வயது வரம்பு 35. வேலையை விட்டுவிட்டுத் தாமதமாகப் படிக்கப் போகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

வருடக் கணக்கை மட்டும் வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வருடங்களில் பார்க்கும் வேலை அடுத்த படிக்கு எண்ணப்படுமா என்று பாருங்கள். கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு உதவும் கனடிய அனுபவப் பிரிவில் குறைந்தது ஒரு வருடத் திறன்சார் வேலை தேவை. கடையில் கேஷியராக மூன்று வருடம் நின்றாலும் அது அந்தக் கணக்கில் வராது. மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும் வராது. அமெரிக்காவில் அடுத்த படி எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 65,000 இடங்கள், அங்கே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஸ்டெம் நீட்டிப்பு இருப்பவருக்கு இடம் ஒதுக்கும் குலுக்கலில் மறுபடி மறுபடி பெயர் கொடுக்க வாய்ப்பு உண்டு, இல்லாதவருக்கு ஒன்றோ இரண்டோதான். பிரிட்டனில் கிராஜுவேட் ரூட்டில் கழிந்த காலம் அடுத்து வாங்கும் ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசாவில், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு எண்ணப்படும் வருடக் கணக்கில் சேராது. அதனால் பெர்மிட் கைக்கு வந்ததும் கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடாமல், கணக்கில் வரும் வேலையை முதல் மாதத்திலிருந்தே தேட வேண்டும்.

கடைசியாக, ஊருக்குப் போவது. பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போது நாட்டுக்குள் இருந்தாக வேண்டும். முடிவு வருவதற்குள் வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவிலும் ஓபிடிக்கு உள்ளே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கனடா மட்டும் இதில் தாராளம், 180 நாட்களுக்குள் ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளியில் இருந்து போட்டால், பெர்மிட் வரும்வரை அங்கே போய் வேலை பார்க்க முடியாது. கல்யாணம், உடல்நலம் என்று அவசரக் காரணம் இல்லாவிட்டால், விண்ணப்பித்து பெர்மிட் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ திரும்பி வர நுழைவு விசா செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பெர்மிட் மட்டும் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.