லாட்வியாவில் ரஷ்ய மொழி பேசுவோரில் பலர் ஏன் குடியுரிமை இல்லாதவர்களாக ஆனார்கள்?

1935இல் லாட்வியாவின் மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் லாட்வியர்கள். போர், சைபீரியாவுக்கு நாடு கடத்தல்கள், சோவியத் ஆட்சியில் ஆலைகளுக்கும் படைத்தளங்களுக்கும் வந்து குடியேறியவர்கள் (பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுவோர்) ஆகிய காரணங்களால் அவர்களின் பங்கு 1989இல் 52 சதவீதமாகக் குறைந்தது. சொந்த நாட்டிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற அச்சத்தை விட்டுவிட்டு, அதன்பின் வந்த சட்டங்களைப் புரிந்துகொள்ள இயலாது.

1991இல் விடுதலை பெற்ற அரசு, தன்னைப் புதிய நாடாகக் கருதவில்லை. 1940இல் சோவியத் ஒன்றியத்தால் ஆக்கிரமிக்கப்பட்ட குடியரசின் தொடர்ச்சியாகவே கருதியது. எனவே, அந்த ஆண்டுக்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் மட்டுமே தாமாகக் குடியுரிமை பெற்றனர். ஏறத்தாழ 7 லட்சம் பேர், அவர்களுள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அடக்கம், 'குடிமகன் அல்லாதவர்' என்ற தனி நிலையில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. குடியுரிமை வேண்டுமெனில் லாட்விய மொழியிலும் வரலாற்றிலும் தேர்வெழுத வேண்டும். லாட்வியர்களின் அச்சம் நியாயமானது என்றாலும், பெற்றோரின் குடியேற்றத்துக்குப் பிள்ளைகளைப் பொறுப்பாக்கியது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட அண்டை நாடான லித்துவேனியா தன் நிலத்தில் வாழ்ந்த அனைவருக்கும் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பளித்தது; அங்கே லித்துவேனியர்கள் 80 சதவீத அளவில் இருந்ததால் அத்துணிவு எளிதாயிற்று.

லாட்வியாவில் 1998இல் நடந்த பொதுவாக்கெடுப்பு குடியுரிமை விதிகளைத் தளர்த்தியது. ஆனால், ரஷ்ய மொழியை இரண்டாம் ஆட்சிமொழியாக்கும் முன்மொழிவை 2012இல் வாக்களித்தோரில் முக்கால் பங்கினர் நிராகரித்தனர். 2020 முதல், குடிமக்கள் அல்லாதோருக்கு அங்கே பிறக்கும் குழந்தைகள், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத நிலையில், பிறப்பிலேயே குடிமக்களாகின்றனர்.