கேள்வி–பதில்: ரெய்டு முடியும்வரை ஷாட்டை மாற்றாதீர்கள்

எங்கள் ஊர்க் கபடிப் போட்டியை இரண்டு கேமரா வைத்து யூடியூபில் நேரலை செய்கிறோம். "பாயிண்ட் எடுத்ததே தெரியல, ஸ்கோரும் லேட்டு" என்று திட்டு வருகிறது. எங்கே தவறு? – வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

கேமராவில் இருக்காது; பெரும்பாலும் ஸ்விட்சரில் (எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் கருவி) உட்கார்ந்திருப்பவர் கையில்தான். ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருவர் பாடிப் போய்த் திரும்புவதற்கு, மொத்தமே 30 விநாடி. அதற்குள் நாலு தடவை ஷாட் மாறினால், கால் பட்டதா இல்லையா என்பது மாறுகிற நொடியில் போய்விடும். முதல் கேமராவை நடுக்கோட்டுக்கு நேரே, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் மேடை கட்டி ஏற்றுங்கள். களத்தின் 13 மீட்டர் நீளமும் ஃபிரேமுக்குள் வரட்டும். பாடிப் போனவர் திரும்பும்வரை, அல்லது பிடிபடும்வரை, அந்த ஷாட்டிலேயே இருங்கள். இரண்டாவது கேமராவும் அதே பக்கம்தான் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் இடப்பக்கம் ஓடியவர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் ஓடுவார். எது எந்த அணி என்றே புரியாது.

ரீப்ளே ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள். ஒரு ரெய்டு முடிந்த 5 விநாடிக்குள் அடுத்த அணி ஆளை அனுப்பியாக வேண்டும். நீங்கள் 8 விநாடி ரீப்ளே ஓட்டினால், அடுத்தவர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டிருப்பார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் செய்கிற தப்பு இது. நல்ல பிடிகளைச் சேர்த்து வைத்து டைம் அவுட்டில் காட்டுங்கள். 30 விநாடி கிடைக்கும்.

ஸ்கோருக்குத் தனி ஆள் வேண்டும், ஸ்கோரர் மேஜை கண்ணில் படுகிற இடத்தில். நடுவர் கை காட்டிய பிறகு மாற்றினால் போதும், முந்திக்கொள்ள வேண்டாம். போனஸ் புள்ளியும், எதிரணி முழுவதும் வெளியேறும் ஆல் அவுட்டுக்கான கூடுதல் 2 புள்ளியும்தான் அடிக்கடி விட்டுப்போகும்.

இன்னொன்று, இணைப்பு. மதியம் சோதித்தபோது ஓடிய சிம், இரவு ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்து ஆளுக்கொரு போனை எடுத்ததும் படுத்துவிடும். பக்கத்து வீட்டு பிராட்பேண்டிலிருந்து ஒரு ஒயர் இழுப்பதே நிம்மதி. படத்தை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்புவதாக இருந்தால் இணைப்பின் அப்லோடு வேகம் 10 ஆவது வேண்டும். ரவுட்டரும் என்கோடரும் (படத்தை இணையத்தில் அனுப்பும் வடிவுக்கு மாற்றும் கருவி) யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான் நேரலை அறுந்துபோகிறது.

ஃபிளட்லைட் போட்டதும் படம் துடிக்கிறதே? – வாசகர், தேனி

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கேமராவை 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் விட்டிருப்பீர்கள். 25 அல்லது 50 ஃபிரேம், 1/50 ஷட்டர் என மாற்றுங்கள், அடங்கிவிடும். மிக மெதுவான ரீப்ளேக்கு விநாடிக்கு 300 ஃபிரேம் எடுத்தால் மட்டும் துடிப்பு திரும்ப வரும். அதற்கு மினுக்காத எல்இடி விளக்குதான் வழி.

கேலரியின் கடைசியில் அறிவிப்பு இரண்டு இரண்டாகக் கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா? – வாசகர், கோவை

வேண்டாம். நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடை ஸ்பீக்கரின் சத்தம் 70 மீட்டர் தள்ளியிருப்பவரை அடைய 0.2 விநாடி ஆகும். அவர் தலைக்கு மேல் இருக்கும் ஸ்பீக்கரோ உடனே பேசிவிடுகிறது. ஒலி மிக்சரில் அந்தத் தூர ஸ்பீக்கருக்கு மட்டும் 200 மில்லி விநாடி டிலே (தாமதம்) கொடுங்கள். மேலே ஒரு பத்து மில்லி விநாடி சேர்த்தால் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல இருக்கும். தூரத்தை டேப் வைத்து அளங்கள். காதால் குத்துமதிப்பாக வைத்தால் கூட்டம் வந்த பிறகு மறுபடி திருக வேண்டிவரும்.

சர்வதேச கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் டிவியில் வரும் ரீப்ளே, மைதானத் திரையில் உடனே வருவதில்லையே? – வாசகர், சென்னை

ஐசிசி விதி அப்படி. நடுவர் முடிவை எதிர்த்து ரிவ்யூ கேட்க வீரர்களுக்கு 15 விநாடி உண்டு. அது கழியும்வரை பெரிய திரையில் ரீப்ளே கூடாது. பார்த்துவிட்டுக் கை தூக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் டிவிக்குப் போகும் படத்தை அப்படியே திரைக்குத் திருப்பிவிடாமல், திரைக்கென்று தனியாக ஒருவர் பொத்தானில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அந்த 15 விநாடியை ரசிகர்கள் முகமோ ஸ்கோர் அட்டையோ நிரப்பும்.

புரொடியூசரும் டைரக்டரும் ஒருவர்தானே? – வாசகர், மதுரை

இல்லை. "கேமரா மூன்று, கட்" என்பவர் டைரக்டர். அடுத்து எந்த ரீப்ளே, விளம்பரம் எப்போது, வர்ணனையாளர் எதைப் பேசுவது என்று முடிவெடுப்பவர் புரொடியூசர். உங்கள் கபடி நேரலையில் இரண்டும் ஒரே ஆளாக இருந்தால், ஸ்கோரை மட்டுமாவது அவர் தலையில் கட்டாதீர்கள்.