600 வருடம் ஆற்றில் கிடந்த கப்பலின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? வெளியே எடுத்ததும் ஏன் காய வைப்பதில்லை?

வயதை மரமே சொல்லிவிடும். காய வைத்தால் கப்பலே மிஞ்சாது.

ஜெர்மனியின் பிரேமன் நகரில் வேசர் ஆற்றைத் தூர்வாரியபோது, 1962-இல் ஒரு ‘காக்’ கப்பல் அகப்பட்டது. வட ஐரோப்பிய வணிகர்கள் சரக்கேற்றிய, வயிறு பெருத்த ஒற்றைப் பாய்மரக் கப்பல் அது. அதன் ஓக் பலகைகளில் ஆண்டு வளையங்களைப் பார்த்தார்கள். வெறுமனே எண்ணினால் போதாது. மரம் செழித்த வருடம் அகலமான வளையம், வாடிய வருடம் ஒடுங்கிய வளையம். இந்த வரிசை, ஆண்டு தெரிந்த மற்ற மரங்களின் வரிசையோடு எங்கே பொருந்துகிறது என்று ஒப்பிட்டால் மரத்தை வெட்டிய ஆண்டு பிடிபடும். இங்கே அது 1378.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. உள்ளே சரக்கே இல்லை. தச்சுக் கருவிகளும் ஒரு பீப்பாய் தாரும்தான். அதனால், கட்டி முடிக்குமுன்பே வெள்ளம் இழுத்துப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். பாவம், கடலையே பார்க்காத கப்பல்!

அப்புறம் காய வைப்பது. பல நூற்றாண்டு ஊறிய மரத்தில் செல்சுவர்கள் அரித்துப்போய், தண்ணீர்தான் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும். அது ஆவியானால் பலகை சுருங்கி, வெடித்து, கோணிவிடும். ஆகவே ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டே துண்டுகளைக் கப்பலாகப் பூட்டினார்கள். பிறகு சுற்றிலும் தொட்டி கட்டி, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் கிட்டத்தட்ட 18 வருடம் ஊறவிட்டார்கள். 2000-இல்தான் பிரேமர்ஹாவன் அருங்காட்சியகத்தில் தொட்டி இல்லாமல் முழுக் கப்பலைப் பார்க்க முடிந்தது.